மன்னர் தாடைக்குப் பத்துக் கலம்

செங்காட்டுச் சீமையை ஆண்ட சண்டமாருத பூபதிக்கு இரண்டே இரண்டு ஆசைகள். ஒன்று, குடிமக்கள் நலம். இன்னொன்று, மூக்குப்பொடி.

முதல் ஆசைக்காக அவர் உயிர்க்காப்புக் களஞ்சியம் என்று ஒன்றைத் தொடங்கினார். வீட்டுக்கு வீடு வருஷம் ஒரு கலம் நெல் கொடுக்க வேண்டும். சம்பாதிக்கிறவர் திடீரென்று கண்ணை மூடிவிட்டால், அவர் குடும்பத்துக்குக் களஞ்சியம் நூறு கலம் கொடுக்கும். இரண்டாவது ஆசையால் என்ன நடந்தது? அதுதான் கதை.

களஞ்சிய அதிகாரி தாண்டவராயர் வாயைத் திறந்தால், ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஒரு 'அதாவது' வந்து நின்று கும்பிடு போடும்.

"அதாவது மன்னா, அபாயமான தொழில் செய்கிறவன் சீக்கிரம் போவான். அதாவது, அபாயமான பழக்கம் உள்ளவனும் சீக்கிரம் போவான். அதாவது, சீக்கிரம் போகிறவன் கூடுதலாகக் கொடுக்கட்டும்!"

மன்னர் தலையாட்டிவிட்டார். பனையேறிக்கு மூன்று கலம். விடிந்ததும் கள்ளுக்கடைக்கு ஓடுகிறவருக்கு நாலு. பாம்பு பிடிக்கிறவருக்கு ஐந்து. ஊர் முணுமுணுத்தது, ஆனாலும் கொடுத்தது.

அரண்மனை நாவிதர் மருதையனுக்கு எவ்வளவு தெரியுமா? பத்து!

மருதையன் அலறியடித்துக்கொண்டு அம்பலவாணனிடம் ஓடினார். அம்பலவாணனுக்கு அரண்மனையில் ஒரே வேலைதான். மன்னருக்குப் பேச்சுத்துணை.

"ஐயா, பத்துக் கலத்துக்கு நான் எங்கே போவேன்? பொழுது சாய்வதற்குள் அளக்காவிட்டால் தாண்டவராயர் என் பெயரை அடித்துவிடுவாராம். நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் என் மூன்று பெண்களுக்கும் யார் கஞ்சி ஊற்றுவார்?"

"பாம்புக்கே ஐந்துதானே ஓய்! உம்ம கத்தி என்ன, அதைவிட விஷமா?"

மருதையன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சவரம் நடக்கும்போதே மன்னர் பொடி போடுகிறார், ஐயா. கத்தி தாடையில் இருக்கும். ஹ... ஹா... ஹச்ச்! போன மாசம் மட்டும் மூன்று தடவை மயிரிழையில் தப்பினேன்."

"கீறல் விழுந்தால்?"

"மன்னர் முகத்தில் ரத்தம் கண்டால் நாவிதன் தலை போகும். அவருடைய தாத்தா போட்ட சட்டம். இன்னும் ஏட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் தாண்டவராயர் பத்து போட்டார்."

அம்பலவாணன் காதுவரை சிரித்தான். "கண்ணைத் துடையும். சபைக்குப் போவோம்."

சபை நிறைந்திருந்தது. மன்னர் சிம்மாசனத்தில் பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார். அம்பலவாணன் தாண்டவராயரிடம் போய் ரொம்பப் பணிவாக நின்றான்.

"நாவிதர் தொழில் அபாயமானதா, ஐயா?"

"அதாவது, மிகமிக அபாயமானது."

"நேற்று மருதையன் உங்களுக்குச் சவரம் செய்தாரே. அதில் அவருக்கு ஏதாவது ஆபத்து இருந்ததா?"

"அதாவது, என் தாடை அவரை என்ன செய்யும்?"

"சேனாபதியின் தாடை?"

சேனாபதி தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நான் அசையவே மாட்டேனப்பா."

"மருதையன் கையில் முந்நூறு தாடைகள். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் ஒரு வம்பும் இல்லை. அப்படியென்றால் அபாயம் தொழிலில் இல்லை. ஒரே ஒரு தாடையில் இருக்கிறது."

"அதாவது... சரிதான்."

"அந்தத் தாடைக்காரருக்கு, கத்தி வைத்திருக்கும்போதே பொடி போட்டுத் தும்முகிற பழக்கம். அபாயமான பழக்கம் யாருக்கோ அவர்தானே கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? உங்கள் விதிதானே?"

விதி என்றால் தாண்டவராயருக்கு உயிர். துள்ளி எழுந்து எழுத்தாணியைப் பிடித்தார். "அதாவது, பத்துக் கலமும் அவன் தலையில்தான்! யார் அந்தப் பொறுப்பில்லாத ஆசாமி?"

சபை மொத்தமும் கூரையைப் பார்த்தது. மூக்கை நோக்கிப் போன மன்னரின் விரல்கள் பாதி வழியில் நின்றன.

"நான்தானய்யா அந்த ஆசாமி!"

எழுத்தாணி கீழே விழுந்தது. தாண்டவராயரும் கூடவே விழப் பார்த்தார்.

"போகட்டும். பத்துக் கலத்தை நானே கொடுக்கிறேன்" என்றார் மன்னர்.

மருதையன் கும்பிட்டார். முகம் மட்டும் மலரவில்லை. "நெல் சரி மகாராஜா... என் தலை?"

இடிபோல் முழங்கும் மன்னரின் குரல் குழந்தைக் குரலாகிவிட்டது. "அம்பலவாணா, பொடியை மட்டும் விடச் சொல்லாதே!"

"மூக்கை ஏன் வருத்த வேண்டும், பிரபு? தாத்தா சட்டத்தை எடுத்துவிடுங்கள். கீறலுக்குப் படிகாரம் போதும், தலை எதற்கு?"

மன்னர் ஏட்டை வரவழைத்து இரண்டாக ஒடித்துப் போட்டார். மருதையன் அப்போதுதான் மூச்சே விட்டார்.

தாண்டவராயர் மெல்ல எழுத்தாணியைத் தேடி எடுத்தார். "அதாவது, மருதையனுக்கு இனி ஒரு கலம். அதாவது, இன்னொரு பெயர் விட்டுப்போயிருக்கிறது. மன்னரை முகத்துக்கு நேரே கிண்டல் செய்கிறவர்! இந்தச் சீமையிலேயே இதைவிட அபாயமான பழக்கம் கிடையாது. அதாவது, அம்பலவாணனுக்கு இருபது கலம்!"

அம்பலவாணன் தன் தலையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மன்னர் கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். "எழுதும் ஓய்! இருபதையும் அரண்மனையே கொடுக்கும். ஆனால் ஒன்று, அம்பலவாணா. அந்தப் பழக்கத்தை நீ விட்டால்தான் உன் தலைக்கு ஆபத்து!"

தாண்டவராயர் அதையும் விடாமல் எழுதிக்கொண்டார்.

"அதாவது, விட்டால் நாற்பது கலம்."