மண் காப்பிக்கு இனிப்பு

முதலில் சத்தம்தான் கேட்டது. கொட்டாங்குச்சியில் கரண்டியைத் தட்டும் சத்தம். டங், டங், டங்.

பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த மாசிலாமணிக்கு அது என்னவென்று பார்க்க வேண்டியதில்லை. எதிர்க் கடை திறந்தாகிவிட்டது. பூக்காரி செல்லக்கிளியின் சின்ன மகள் தர்ஷி, பாதையோரம் மண்ணைக் குவித்து வைத்து ஓட்டல் நடத்துகிறாள். அதற்கும் ஆள் வருகிறது. அதுதான் மாசிலாமணியின் வயிற்றெரிச்சல்.

அவர் வைத்திருப்பது நிஜக் கடை. சுக்குக் காப்பிக் கடை. இதற்கு முன் வளையல் கடை வைத்தார், போயிற்று. குடைக் கடை வைத்தார், அந்த வருஷம் பார்த்து மழை வரவில்லை. மனசு விட்டுப்போய் இந்த மலையடிவார மடத்துக்கு வந்து, மடத்து அம்மாவிடம் சீடராகச் சேர்ந்தார். அம்மா அவரைவிட வயதில் இளையவர், பேச்சு குறைவு. ஏதாவது மந்திரம் சொல்லித் தருவார் என்று காத்திருந்தவரிடம், மடத்து வாசலில் கிரிவலப் பாதையைப் பார்த்திருக்கும் வேப்பமரத்தடியைக் காட்டி, "இங்கே ஒரு கடை போடுங்க" என்றார்.

போட்டார். ஆளுயரத்துக்குப் பலகை எழுதி வைத்தார். ஒலிபெருக்கியில் அவர் குரலே நாள் முழுக்க ஓடியது. கொல்லிமலை மிளகு, உடன்குடிக் கருப்பட்டி, சளிக்கு நல்லது, சோர்வுக்கு நல்லது, முழங்காலுக்கு நல்லது. மலை சுற்ற வந்தவர்கள் அந்த இடம் வந்ததும் நடையை எட்டிப் போட்டார்கள்.

"முட்டி வலிக்காரங்ககூட உங்க கடையைக் கண்டா ஓடறாங்கண்ணே. குடிக்காமயே கேக்குது உங்க மருந்து" என்றாள் செல்லக்கிளி.

தவறாமல் குடிப்பவர் அம்மா ஒருவர்தான். சாயங்காலம் டம்ளரோடு மரத்துக்குப் பின்னால் போய், மலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். காலி டம்ளரோடு திரும்புவார். மற்றபடி கடையைத் தேடி வந்ததெல்லாம் எறும்புகள். மரத்தைச் சுற்றிச் சாரைசாரையாக. பொடி போட்டும் போகவில்லை.

பௌர்ணமிக்குள் வியாபாரம் பிடிக்காவிட்டால் மச்சினனுடைய குடோனில் பில் போடப் போவதாக மனைவியிடம் ஒப்புக்கொண்டிருந்தார். மச்சினன் நல்லவன்தான். ஆனால், "மேஜையைத் துடைச்சு வச்சிட்டேன் மாமா" என்று அவன் போனில் சொன்ன விதம் இருக்கிறதே, அது அவரைத் தூங்கவிடவில்லை. பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு நாள்தான்.

அம்மாவிடம் போய் நின்றார். சரக்கு சுத்தம், இடம் நல்ல இடம், ஒருத்தரும் வரவில்லை என்று முறையிட்டார். "அந்தக் குட்டி வெறும் மண்ணை வச்சிருக்கு. போலீஸ்காரர் தொப்பியைக் கழட்டி வச்சிட்டு உக்காந்து தோசை சாப்பிட்டுப் போறார். அப்படி என்னம்மா இருக்கு அங்கே?"

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"போய்ச் சாப்பிட்டுப் பாருங்க."

வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போனார்.

"வாங்க சுக்குத் தாத்தா."

மையடித்த தலையைத் தடவிக்கொண்டார். என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"நீங்க சொன்னா இருக்கும்" என்றாள் தர்ஷி.

காப்பி சொன்னார். குந்த முடியாமல் அவர் தடுமாறியதைப் பார்த்து, ஒரு செங்கல்லை நகர்த்திப் போட்டாள். கொட்டாங்குச்சியில் மண்ணை எடுத்து, இன்னொன்றில் மாற்றி மாற்றி ஆற்றினாள். ஊதினாள். நீட்டும்போது மட்டும் குனிந்து ரகசியமாகச் சொன்னாள். "நிஜமா குடிச்சிராதீங்க. மண்ணு."

உதட்டருகே வைத்து உறிஞ்சினார்.

"இனிப்பு சரியா இருக்கா?"

"கொஞ்சம் தூக்கல்" என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டார்.

அவள் முகம் வாடிவிட்டது. வாங்கி, அதிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து வெளியே போட்டுவிட்டுத் திரும்பக் கொடுத்தாள். அவர் மறுபடி உறிஞ்சி, சரி என்று தலையாட்டும்வரை அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காசுக்கு வேப்பிலை ஒன்றை நீட்டினார். மீதி என்று சொல்லி இரண்டு இலை கொடுத்தாள்.

மறுநாள் போக வேண்டிய அவசியம் இல்லை. போனார். வாயைத் திறப்பதற்கு முன்பே செங்கல் வந்து விழுந்தது. தர்ஷி பின்னால் திரும்பி, அங்கே இல்லாத சமையல்காரருக்குக் குரல் கொடுத்தாள்.

"தாத்தாவுக்கு ஒரு காப்பி. இனிப்பு கம்மி."

மாசிலாமணி கொட்டாங்குச்சியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்கு டம்ளரை நீட்டியபடி கேட்டார். "ரெண்டு தடவை குடிச்சிட்டேம்மா. மூணாவது தடவையும் போகத் தோணுது. ஆனா, அவ சரக்கு என்னன்னு மட்டும் பிடிபடல."

அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"மாசிலாமணி, எனக்கு இனிப்பு எப்படி இருக்கணும்?"

அதை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

அம்மா வழக்கம்போல மரத்துக்குப் பின்னால் நடந்தார். முதல் முறையாக அவரும் பின்னாலேயே போனார். அம்மா குனிந்து, டம்ளரை வேரடியில் மெதுவாகச் சாய்த்தார். எறும்புகள் திரண்டு வந்தன.

"எனக்குச் சர்க்கரை இருக்கு. வாயில வைக்க முடியறதில்லே" என்றார் அம்மா. "ஆனா, இதுங்க உங்களைப் பத்தி ஒரு குறையும் சொன்னதில்லே."

ஒலிபெருக்கி, முழங்காலுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தது. மாசிலாமணி போய் ஒயரைப் பிடுங்கினார். பாதை சட்டென்று அமைதியாயிற்று. எதிரே டங், டங் மட்டும்.

கொஞ்ச நேரம் கழித்து, மலை சுற்றி வந்த ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் அருகே போய், இனிப்பு எப்படி இருக்கணும் என்று கேட்டார். அவள் யோசித்துப் பதில் சொல்லும்வரை நின்றார்.

அவளுக்குக் காப்பியை ஆற்றிக் கொடுத்த பிறகு, கருப்பட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, அம்மாவின் டம்ளரை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.