மானிட்டரில் யார் குரல்

பெர்னதெத் டீச்சரிடம் பாட்டுப் படித்தவர்களில் வயதில் மூத்தவர் கோயில்பிள்ளை. டீச்சரைவிடவும் மூத்தவர். அவர் டீச்சரை "டீச்சர்" என்பார். டீச்சர் அவரை "அண்ணே" என்பார். சுதி விலகினால் வெளுத்து வாங்குவார். அப்போதும் அண்ணேதான்.

தூத்துக்குடியில் டயர்க் கடை வைத்திருந்த மனிதர் அவர். நாற்பது தாண்டியபிறகு கிடார் மேல் ஆசை வந்தது. வீட்டில் சிரித்தார்கள். கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே மேடை தேடிப் பாடக் கிளம்பியபோது சிரிப்பை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தார்கள். சினிமா பக்கம் அவர் போகவில்லை. காபிக் கடை மாடி, கல்லூரி விழா, புத்தகக் கண்காட்சி என்று எங்கே கூப்பிட்டாலும் கிடாரைத் தூக்கிக்கொண்டு போனார். கணீரென்ற குரல். ஊரில் அந்தக் குரலுக்கு ரசிகர்கள் உண்டு. முதல் ரசிகர் அவர்தான்.

டீச்சரின் அறை மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு ஐஸ் கம்பெனியின் மாடியில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை கோயில்பிள்ளை படியேறி வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்னண்ணே, திருநெல்வேலி புரோகிராம் எப்படி?"

"கைதட்டு அள்ளிட்டு டீச்சர்."

"அதுக்கா இந்த மூஞ்சி?"

"இசக்கி இனிமே என்கூடப் பாட மாட்டாளாம்."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இசக்கி பாளையங்கோட்டைக்காரி. கோயில்பிள்ளை வயதில் பாதி இருப்பாள். அவளும் தனியாகப் பாட்டெழுதி, தனியாக மேடையேறுகிறவள்தான். கொஞ்சம் கரகரத்த குரல். மழை பெய்யாத ஒரு ஊரைப் பற்றி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுச் செய்தார்கள். ஒரு சரணம் இவர், ஒரு சரணம் அவள், கடைசியில் இருவரும் சேர்ந்து. கோடை முழுக்கப் போனிலேயே பாடிப் பாடி அதை உருவாக்கினார்கள். ஒரு வார்த்தைக்காகச் சண்டை, ஒரு வார்த்தைக்காகச் சிரிப்பு. தனியாகவே பாடிச் சலித்திருந்த மனிதருக்கு அந்தக் கோடைதான் வாழ்வு என்று தோன்றியது. இப்போது அது கைவிட்டுப் போகிறது.

"என்ன நடந்துச்சு?"

"அவ சரணத்துல கடைசி வரிய மறந்துட்டா டீச்சர். அப்படியே நின்னுட்டா. என்னையப் பாத்திருக்கா. நான் கண்ண மூடிக்கிட்டு வாசிச்சிட்டு இருந்திருக்கேன்."

"இருந்திருக்கேன்னா?"

"எனக்கே தெரியாதே. கீழ இறங்குனப்பறம் அவ சொல்லித்தான் தெரியும். சனமெல்லாம் அவளையே பாத்துக்கிட்டு இருந்திருக்கு. நான் பாட்டுக்குக் கடைசி அடிய எடுத்துட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"'மேடையில ரெண்டு பேரு நின்னோம் அண்ணாச்சி, நீங்க தனியாத்தான் பாடுனிய'ன்னா. ஞாயித்துக்கிழமை நம்ம ஊரு புரோகிராமுக்கு ஒத்துக்கிட்டாளாம், அதுக்காக வாராளாம். அதோட சரியாம்."

சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் அதைக் கவனிக்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மானிட்டர்ல என்ன கேட்டிய?"

மேடையில் பாடுகிறவரின் காலடியில், அவரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஒரு ஸ்பீக்கர் இருக்கும். அதுதான் மானிட்டர். சனத்துக்குப் போகிற சத்தம் வேறு, இதில் வருகிற சத்தம் வேறு. பாடுகிறவர் எதை விடச் சொல்கிறாரோ, அதை மட்டும் மைக்செட்காரர் இதில் விடுவார். கோயில்பிள்ளை மேடையேறினால் முதல் வேலையாக மைக்செட்காரரைப் பார்த்து ஆள்காட்டி விரலை மேலே ஆட்டுவார். தன் குரலைக் கூட்டச் சொல்கிறார் என்று அர்த்தம். பாட்டுக்கு நடுவிலும் அந்த விரல் மேலே போகும். கிடார் வாசிக்கிற கைக்கு அதற்கெல்லாம் எப்படித்தான் நேரம் கிடைக்கிறதோ தெரியாது.

"என் குரலத்தான் கேட்டேன்."

"அவ குரலு?"

"அது வெளி ஸ்பீக்கர்ல வருமே டீச்சர்."

டீச்சர் திரும்பி அவரையே பார்த்தார். கோயில்பிள்ளைக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

"போஸ்டர்ல ரெண்டு பேரையும் ஒரே அளவுல போடச் சொன்னேன். பாதிப் பாட்டு அவளுக்கு. நல்ல மைக்கக்கூட அவளுக்குத்தான் குடுத்தேன். இன்னொருத்தரோட சேந்து பாடணும்னா இன்னும் என்னத்த விட்டுக்குடுக்கணும்? நீங்களே சொல்லுங்க."

"மைக்க எடுங்க."

அறையின் மூலையில் இரண்டு மைக்கும் ஒரு சின்ன மிக்ஸரும் இருந்தன. டீச்சர் மானிட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்து, மிக்ஸரில் எதையோ ஏற்றி எதையோ இறக்கினார்.

"பாடுங்க. இசக்கி அடிய நான் பாடுதேன்."

கோயில்பிள்ளை ஆரம்பித்தார். கீழே ஐஸ் அரைக்கிற மிஷின் ஓடத் தொடங்கியது. மானிட்டரில் டீச்சரின் குரல் மட்டும் கிண்ணென்று வந்தது. தன்னுடையது பொட்டுக்கூட வரவில்லை. வழக்கம்போல விரலை மேலே ஆட்டினார். டீச்சர் கண்டுகொள்ளவில்லை. கோயில்பிள்ளை பாதியில் நிறுத்தினார்.

"என் சத்தம் வரல டீச்சர்."

"வருது."

"எனக்குக் கேக்கல."

"எனக்குக் கேக்குது."

"சுதி விலகுனா?"

"நான் சொல்லுதேன். பாடுங்க."

மறுபடியும் பாடினார். கரண்டு போன வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது. தெரிந்த வரிகள்தான், தான் போட்ட மெட்டுத்தான். ஆனாலும் பயமாக இருந்தது. கடைசியில் மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"இது என்ன டீச்சர் கூத்து? பாடுதவனுக்குத் தன் குரல் கேக்காண்டாமா? நான் எப்படிப் பாடுதேன்னு எனக்குத் தெரியாண்டாமா?"

கோபமாகத்தான் கேட்டார். டீச்சர் கோபப்படவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு பழைய கேசட்டை எடுத்து, அதைவிடப் பழைய டேப்ரிக்கார்டரில் போட்டார்.

முதலில் காற்று வந்தது. அக்கார்டியனை விரிக்கும்போது அதன் துருத்திக்குள் போகிற காற்று. அப்புறம் ஒரு சின்னச் செருமல். அப்புறம் ஓர் ஆண் குரல் பாட ஆரம்பித்தது. பெரிய குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து நமக்கு மட்டும் பாடுவது மாதிரி இருந்தது.

"லூர்துராஜ் சாரா?"

டீச்சர் தலையாட்டினார்.

டீச்சரும் லூர்துராஜும் சேர்ந்து பாடிய காலத்தைக் கோயில்பிள்ளை பார்த்ததில்லை. கேள்விப்பட்டதுதான். வேம்பாரிலிருந்து மணப்பாடு வரைக்கும் கடலோரத்தில் அவர்கள் பாடாத ஊர் கிடையாது என்பார்கள். அப்போது யாரும் அவர்களைக் கலைஞர்கள் என்று சொல்லவில்லை, பாட்டுக்காரர்கள் என்றுதான் சொன்னார்கள். ஒரு வேன், ஒரு அக்கார்டியன், இரண்டு மைக். சாயந்திரம் மணலில் பாய் விரித்துச் சனம் உட்காரும். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே கடலுக்குள் போகிறவர்கள் எழுந்து போவார்கள். போகும்போது லூர்துராஜைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போவார்கள். அவரும் பாடிக்கொண்டே தலையாட்டுவார். ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. அந்தக் காய்ச்சலிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு டீச்சர் மேடையேறவில்லை. பாட்டுச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கேசட்டில் லூர்துராஜ் பாடிக்கொண்டே லேசாகச் சிரித்தார். எதைப் பார்த்துச் சிரித்தாரோ. டீச்சரும் இங்கே சிரித்தார்.

"ஒரு நாயி மேடையில ஏறிட்டு" என்றார்.

லூர்துராஜின் சரணம் முடிந்தது. அப்புறம் அவர் வாசிக்கிற அக்கார்டியன் மட்டும். நீளமாக, தாழ்ந்து போனது. அதற்கு அப்பால், பக்கத்துத் தெருவில் யாரோ பாடுவதுபோல ஒரு பெண் குரல் கேட்டது. என்ன வார்த்தை என்று பிடிபடவில்லை.

"அது நீங்களா டீச்சர்?"

"நான்தான். அவரு மைக்குல லேசா விழுந்தது."

"ஏன் இவ்வளவு தூரத்துல இருக்கிய?"

"ரெக்கார்ட் பண்ண வந்தவரு அவசரத்துல வயர என் மானிட்டர் லைன்ல சொருகிட்டாரு. என் மானிட்டர்ல எது வந்துச்சோ அதான் கேசட்ல இருக்கு."

"உங்க மானிட்டர்ல அவரு மட்டும்தானா?"

"எப்பவும் அப்படித்தான்."

"அவரு மானிட்டர்ல?"

"நான்."

கோயில்பிள்ளை கொஞ்ச நேரம் அந்தத் தூரத்துக் குரலைப் பிடிக்கப் பார்த்தார். மனது தாங்கவில்லை. இவ்வளவு பெரிய பாட்டுக்காரி, இவ்வளவு காலம் பாடியிருக்கிறார், மிஞ்சியிருப்பது இந்த முணுமுணுப்புத்தானா என்று இருந்தது.

"அப்ப இந்தப் பாட்ட நீங்க எப்படிப் பாடுனியன்னு..."

"எனக்குத் தெரியாதுண்ணே."

"அது எப்படி டீச்சர்?"

"புரோகிராம் முடிஞ்சு வேன்ல ஏறுனதும் அவரு சொல்லுவாரு. இன்னைக்கு ரெண்டாவது அடியில ஏதோ கோவத்துல இருந்த போலன்னுவாரு. இன்னைக்கு அந்த இழுப்பு கடக்கரை வரைக்கும் போச்சுட்டின்னுவாரு. ஊரு வந்து சேருத வரைக்கும் பேச்சு இதான். நானும் அவரு பாடுனத அவருக்குச் சொல்லுவேன்."

டீச்சர் கேசட்டை நிறுத்தினார். ஐஸ் மிஷினும் நின்றிருந்தது.

"அவ்வளவுதாண்ணே. போயிட்டு வாங்க, ஞாயித்துக்கிழம புரோகிராம்ல பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி கடற்கரைச் சாலையில் ஒரு மொட்டைமாடியில். மத்தியானமே மைக் சரிபார்க்க எல்லாரும் வந்துவிட்டார்கள். இசக்கி, "வணக்கம் அண்ணாச்சி" என்றாள். போனில் மணிக்கணக்காகப் பேசியவள், ஏதோ கல்யாண வீட்டில் தூரத்து உறவைப் பார்த்தவள் மாதிரி சொன்னாள். கோயில்பிள்ளைக்குச் சுருக்கென்றது.

மைக்செட்காரர் ஆறுமுகநயினார் இவருடைய விரலுக்காகக் காத்திருந்தார்.

"நயினாரு, எனக்கு இசக்கி குரல் மட்டும் விடுங்க. என்னைய எடுத்துருங்க."

"முழுசாவா?"

"முழுசா."

"அண்ணாச்சி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

இசக்கி வயரைச் சொருகிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். தன் மைக்கைச் சரிபார்க்க முறை வந்தபோது, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு அண்ணாச்சி குரல் மட்டும் போதும்."

நயினார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

சாயந்திரம் மாடி நிறைந்துவிட்டது. டீச்சர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். கோயில்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தன் சரணத்தைப் பாடினார். எப்படிப் போகிறது என்று ஒரு துப்பும் கிடைக்கவில்லை. பழக்கதோஷத்தில் விரல் மேலே போகப் பார்த்தது, கிடாரோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

இசக்கி தன் சரணத்தை எடுத்தாள். கோடை முழுக்கக் கேட்ட குரல்தான். இன்றைக்குத்தான் அவள் மூச்சு கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு எடுக்கிறாள். கடைசி வரிக்கு முன்னால் மட்டும் இரண்டு மூச்சு. அந்த வரி என்றால் இவளுக்குப் பயம் என்று அவருக்குப் புரிந்தது. அந்த வரியை எழுதியது அவர்தான். அவள் வேண்டாம் என்றாள், அவர்தான் விடாப்பிடியாக வைத்தார்.

முதல் மூச்சு வந்தது. இரண்டாவதும் வந்தது. குரல் வரவில்லை.

கோயில்பிள்ளை கண்ணைத் திறந்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடுத்த அடிக்குப் போகவில்லை. அதே இடத்தில் கிடாரைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டு நின்றார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அப்புறம் மைக்கருகே குனிந்து அந்த வரியின் முதல் வார்த்தையை மட்டும் சன்னமாகச் சொன்னார். அவளுக்கு அது கேட்டது. அங்கிருந்து பிடித்துக்கொண்டாள். சனம் அதைப் பாட்டிலேயே இருக்கிற அழகு என்று நினைத்துக் கைதட்டியது.

கடைசி அடியைச் சேர்ந்து பாடினார்கள். முடிந்ததும் மாடி அதிர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள். கோயில்பிள்ளைக்கு அது எதுவும் ஏறவில்லை. ஒரு பாட்டு முழுக்கப் பாடியிருக்கிறார், தன் குரலை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சுதி நின்றதா? அந்தப் பெரிய இழுப்பு போய்ச் சேர்ந்ததா? கிடாரைக் கழற்றிவைத்துவிட்டு, கைகொடுக்க வந்தவர்களை விலக்கிக்கொண்டு, கடைசி வரிசைக்கு ஓடினார்.

"டீச்சர், நான் எப்படிப் பாடுனேன்?"

டீச்சர் அவரைப் பார்த்தார். அப்புறம் மேடையைப் பார்த்தார். இசக்கி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியிறங்காமல், இந்தப் பக்கமே பார்த்தபடி நின்றிருந்தாள்.

"என்கிட்ட ஏன் வந்து நிக்கியண்ணே? சொல்லுததுக்கு உங்களுக்கு ஆளு இருக்கு. அவ போயிருததுக்குள்ள போய்க் கேளுங்க."