மலைப்பெட்டியின் முதல் சுற்று

ஆவுடையப்பனுக்குக் குரு வாய்த்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பெயர் உலகம்மை. தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது. திருநெல்வேலியில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியும், நாலைந்து கணினிகளும், சத்தம் போடும் ஒரு மின்விசிறியும்தான். தொலைபேசி நிலையத்தில் பொறியாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிய ஆவுடையப்பன், வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வந்து சேர்ந்தவர். அவர் குருவை மேடம் என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார்.

மலை ஓடைகளின் ஓரத்தில் அவர்கள் வைத்த பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிப். மற்ற சிப்புகள் பிறந்த வேலையைத்தான் சாகும்வரை செய்யும். இது அப்படியல்ல, எந்த மின்சுற்றை எழுதி அனுப்புகிறோமோ அந்தச் சுற்றாகவே மாறிக்கொள்ளும். அதற்காக மலையேற வேண்டாம். நாற்காலியில் சாய்ந்தபடி நெட்வொர்க் வழியாக அனுப்பினால் போதும். ஓடையில் தண்ணீர் ஏறினால் சிப் கீழே சேதி அனுப்பும். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளில் சைரன் அலறும். சனங்கள் மேட்டுக்கு ஓடுவார்கள்.

குளிராட்டித் தோட்டத்தில் மட்டும் ஒரு தொல்லை. மரக்கிளை மிதந்துவந்து இடித்தாலும் சைரன் அலறியது. சும்மாச் சும்மா ஓடி அலுத்துப்போன சனம், இப்போதெல்லாம் சைரன் கேட்டால் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. என்றைக்காவது நிஜமாகவே வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்று ஆவுடையப்பனுக்கு மனசே ஆறவில்லை. கிளை எது, வெள்ளம் எது என்று பிரித்துப் பார்க்கும் சுற்று ஒன்றை எழுதினார். மேசையில் இருந்த சிப்பில் ஏற்றிப் பார்த்தார். அருமையாக ஓடியது. ஓடியதும் அவருக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"சிப்போட நினைவகத்துல பாதி இடத்தை அந்த முதல் சுற்று அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. பெட்டி வச்ச அன்னைக்கு யாரோ எழுதினது. அதுக்கப்புறம் ஒருநாள்கூட ஓடினதில்ல. அதை எதுக்கு உக்கார வச்சுச் சோறு போடுதோம்?"

"அழிச்சிரலாங்கீங்களா?"

"அழிச்சா என் சுற்றுல இன்னும் நாலு நல்லது சேக்கலாம்."

உலகம்மை கொஞ்சம் யோசித்தார். "இப்போதைக்கு மிச்சப் பாதியில ஓடிக்கிட்டிருக்கிறதை எடுத்துட்டு உங்க சுற்றை அனுப்புங்க. நல்லா ஓடுச்சுன்னா சாயங்காலம் அதைப் பத்திப் பேசுவோம்."

பிறகு போனை எடுத்தார். குளிராட்டியில் பிள்ளைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தரைக் கூப்பிட்டார்.

"எஸ்தர், கொஞ்ச நேரத்துக்குப் பெட்டியை நம்பாத. ஓடையை நீயே பாத்துக்கிட்டு இரு."

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. என்னை இவ்வளவுதான் நம்புகிறாரா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

சுற்று முழுவதும் போய்ச் சேர்ந்தது. மலைமேல் சிப் அணைந்து, புதுச் சுற்றாக விழித்தது. விழித்ததும் 'குளிராட்டி' என்று திரையில் ஒரு வரி வர வேண்டும்.

வரவில்லை.

ஆவுடையப்பன் கூப்பிட்டுப் பார்த்தார். மறுபடியும் கூப்பிட்டார். மலை வாயைத் திறக்கவில்லை. அப்போது போன் அடித்தது. எஸ்தர்.

"அக்கா, மேல மழை பிடிச்சுக்கிச்சு. தண்ணி செவசெவன்னு வருது. ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு, ஜீப்பு ஏறாது. பெட்டி என்ன சொல்லுது?"

ஆவுடையப்பன் மேசையில் இருந்த சிப்பைப் பார்த்தார். அதன் முதுகில் சோதனைக் கேபிள் செருகியே இருந்தது.

"மேடம்... கேபிள்."

"என்ன கேபிள்?"

"இங்க சோதிச்சப்போ அது பேசினதெல்லாம் இந்தக் கேபிள் வழியா. நெட்வொர்க்கைத் திறக்குற பகுதியை என் சுற்றுல இணைக்கவே மறந்திருக்கேன். மலையில ஏது கேபிள்? அதுக்குக் காதும் இல்ல, வாயும் இல்ல. சரியான சுற்றை அனுப்பினாக்கூட வாங்காது. சாவியை உள்ள வச்சுக் கதவைச் சாத்திட்டேன் மேடம்."

உலகம்மை போனில் பேசினார். "எஸ்தர், பிள்ளைகளை மேட்டுக்கு ஏத்து. இப்பவே. போற வழியில கத்திக்கிட்டே போ. தேயிலைக் காட்டுல நிக்கிறவங்களுக்குச் சைரன் வரும்."

"வருமா அக்கா?"

"வரும்."

எந்தத் தைரியத்தில் சொல்கிறார் என்று ஆவுடையப்பனுக்கு விளங்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று விசைப்பலகைப் பக்கம் போனார்.

"தொடாதீங்க அண்ணாச்சி. உக்காருங்க."

"எப்படி மேடம் உக்கார? அங்கன சனம் நிக்கி!"

"அதனாலதான் உக்காரச் சொல்லுதேன்."

உட்கார்ந்தார். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அவர் உட்கார்ந்ததே இல்லை. கடிகாரம் என்னவோ சில நிமிஷம்தான் என்றது.

திரையில் ஒரு வரி வந்தது.

*குளிராட்டி. முதல் சுற்று. தண்ணீர் ஏறுகிறது.*

புதிதாக வந்த சுற்றுக்குக் கீழேயிருந்து யாருடைய பேச்சும் எட்டவில்லை என்று கண்டதும், சிப் அதைக் கழற்றி வைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த பழையதை எடுத்து மாட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் கீழேயிருந்து இன்னொன்றை அனுப்பியிருந்தால் இதுவும் கெட்டிருக்கும். பழையதற்குக் கிளை தெரியாது, வெள்ளம் தெரியாது. தண்ணீர் ஏறினால் கத்தத் தெரியும். போனுக்குள் சைரன் கேட்டது. அதற்கு மேல் எஸ்தரின் குரல் கேட்டது.

"பிள்ளைங்க மேட்டுல நிக்கிறதைப் பாத்துட்டுச் சனமும் ஓடி வருது அக்கா. கீழ் லயன் வீடுகள்ல தண்ணி ஏறிருச்சு. எல்லாரும் வந்துட்டாங்க. எல்லாரும்."

ஆவுடையப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்தினார்.

"அதை எழுதினது யாரு மேடம்?"

"பீர்முகம்மது. இப்ப வேற வேலைக்குப் போயிட்டாரு."

எண்ணை வாங்கி அப்போதே கூப்பிட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"ஓடுச்சா?" என்றார் பீர்முகம்மது. "ஒருநாளும் ஓட வேண்டி வரக்கூடாதுன்னுதான் எழுதினேன். நெசமா ஓடுமான்னு எனக்கே தெரியாது சார்."

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்லதுன்னே தெரியல."

"எனக்கா? நான் பண்ணப்போற தப்புக்குப் பயந்து எழுதினது சார் அது. உங்க தப்புக்கும் உதவியிருக்கு, அவ்வளவுதான். சனம் நல்லா இருக்குல்லா?" சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

ஆவுடையப்பன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சுமக்க முடியாத சந்தோஷம். எங்கே போய் இறக்குவது என்று தெரியவில்லை.

"வாங்கிக்க மாட்டேங்காரு மேடம். இவ்வளவு நன்றியை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

உலகம்மை எழுந்துபோய், அலமாரிக்குப் பின்னாலிருந்து பிரிக்காத பார்சல் ஒன்றைத் தூக்கிவந்து அவர் மேசையில் வைத்தார்.

"புலிக்குத்தி ஓடைக்குப் போகவேண்டிய பெட்டி. உள்ள சிப் வெறுமையாக் கெடக்கு. இதுக்கு முதல் சுற்றை இன்னும் யாரும் எழுதல அண்ணாச்சி."