கட்டை வாத்து ஏன் கண்ணை மூடியிருக்கிறது

வாத்து சொன்னால் மனிதருக்குப் புரியும், மனிதர் திட்டினால் வாத்துக்குச் சுருக்கென்று உறைக்கும் அந்தக் காலத்தில், நாரைக்குடிக் கண்மாயில் ஒரு வாத்துகூட இல்லாமல் போயிற்று. யார் செய்த வேலை? ஊர்க்காரர்கள் செய்த வேலைதான். ஒரு திருவிழாவுக்கு ஊரே சேர்ந்து வலை வீசி, தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தை அள்ளிக் குழம்பு வைத்துத் தின்றது. தப்பிய புள்ளிமூக்கு வாத்துகள், "இனி இந்தத் தண்ணியில காலே வைக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டன.

தின்றவர்களுக்கு நாக்கு இருந்தது, யோசனை இல்லை. வயலில் நத்தையையும் புழுவையும் பொறுக்கித் தின்று பயிரைக் காத்தது அந்த வாத்துகள்தானே! அவை போனதும் நத்தைக்குக் கொண்டாட்டம். நட்ட நாற்றெல்லாம் மொட்டை. அடுத்த வருஷமும் மொட்டை. இப்போது கையிலிருந்த கடைசி விதைநெல்லையும் நாற்றங்காலில் தூவியாகிவிட்டது. அதுவும் போனால் ஊரே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த ஊரில் செம்பாயி என்று ஒருத்தி. புருஷன் கொப்பையா மீன் பிடிப்பான்; அவன் வலைக்கு மிதப்புக்கட்டை செதுக்குவது இவள் வேலை. கல்யாண முருங்கைக் கட்டை அவள் கையில் வெண்ணெய் மாதிரி. வாத்துக்கூட்டம் மேலிருந்து கண்மாயை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே போவதைக் கண்டாள். பளிச்சென்று ஒரு யோசனை வந்தது.

"இந்தாய்யா, சொந்தக்காரங்க உக்காந்திருக்கிற வீட்டுக்குள்ளதானே நாமளும் தைரியமா நுழைவோம்? வாத்தும் அப்படித்தான்! கட்டையில வாத்து செஞ்சு மிதக்க விடுவோம்!"

"மிதப்புக்கட்டை கேட்டா பொம்மை செய்யிறாளாம் பொம்மை!" என்று கொப்பையா சிரித்தான். ஆனாலும் மரத்தை வெட்டிக் கொடுத்தான். கொடுக்காமல் அந்த வீட்டில் சாப்பிட முடியுமா?

செதுக்கினாள் பாருங்கள்! தலையைத் தூக்கி, கழுத்தை நீட்டி, கண்ணை விழித்து, அசல் வாத்தேதான். இறகுக்குக் கரி, மூக்கு நுனிக்கு மஞ்சள். இப்படி ஒரு கூட்டமே செதுக்கி, அடியில் கல்லைக் கட்டிக் கண்மாயில் மிதக்கவிட்டாள். ஊரே கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கூட்டம் வந்தது! தாழ்ந்தது! இன்னும் தாழ்ந்தது! சடாரென்று திரும்பிப் பறந்தே போய்விட்டது.

கோரைப்புல்லுக்குள் நீந்திக்கொண்டிருந்த, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏத்தா செம்பாயி, உன் வாத்தைப் பார்த்தா எனக்கே ஓடிரலாம்னு தோணுதே!"

"ஏன், மஞ்சள் கூடிப்போச்சா?"

"மஞ்சளாவது கிஞ்சளாவது! நீ இதுவரைக்கும் எந்த வாத்தைப் பார்த்திருக்கே? உன்னைப் பார்த்து மிரண்ட வாத்தைத்தானே! மிரண்டாத்தான் அதுங்க கழுத்தை அப்படி நீட்டும். கண்மாய் நிறைய 'ஓடுங்க, ஓடுங்க'ன்னு நிக்க வெச்சிட்டு வா வான்னா எவ வருவா?"

செம்பாயி நெற்றியில் அடித்துக்கொண்டாள். உண்மைதானே! தன்னைப் பார்க்காத வாத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

விடுவாளா? ஒரு பழைய பானையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டாள். அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அடுத்த ஊர்க் குளத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் மெல்ல மெல்ல நகர்ந்தாள். ஏதோ உடைந்த பானை மிதக்கிறது என்று வாத்துகள் கண்டுகொள்ளவே இல்லை. அடடா, அந்தக் காட்சி! அலகைத் திருப்பி முதுகிறகுக்குள் செருகி, இரண்டு கண்ணையும் இறுக மூடி, உருட்டி வைத்த சோற்றுக்கவளம் மாதிரி அத்தனையும் தூங்கின. அப்போதெல்லாம் வாத்து அப்படித்தான் தூங்கும்.

ஓட்டமாக ஓடிவந்து புதிதாகச் செதுக்கினாள், எல்லாம் தூங்குகிற வாத்துகள். மிதக்கவிட்டாள். கூட்டம் வந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. சளப்! சளப்! சளப்! இறங்கிவிட்டன!

ஊர் துள்ளிக் குதிக்கவிருந்த நேரத்தில், கூட்டத்தின் மூத்தவள் ஒரு கட்டை வாத்தின் பக்கத்தில் போய், "என்னடி இவ்வளவு தூக்கம்?" என்று அலகால் தட்டினாள்.

டொக்!

"மரம்டீ! பறங்க!" என்று அலறினாள். அத்தனை சிறகும் ஒன்றாக விரிந்தன.

செம்பாயி தொப்பென்று தண்ணீரில் இறங்கினாள். "போகாதே தாயி! ஏமாத்தினேன், இல்லேங்கல. நாத்தை நத்தை தின்னுது, எங்க பிள்ளைங்க என்னத்தைத் தின்னும்? நீங்க இருந்தாத்தான் நாங்க இருப்போம்!"

"சரி, உன் பின்னால நிக்கிறானே, அவன் கையில என்ன?"

திரும்பினாள். கொப்பையா! கொழுத்த வாத்துகளைக் கண்டதும் கை தானாக வலையை எடுத்துவிட்டது.

"சும்மா... மீனுக்குத்தான்..." என்று இழுத்தான்.

"மீன் என்ன, வாத்து முதுகுல ஏறி உக்காந்திருக்கா?" என்று வலையைப் பிடுங்கினாள். இடுப்பில் செருகியிருந்த செதுக்குக் கத்தியை எடுத்து ஒரே இழுப்பு. அடுத்து இன்னொன்று. அந்த வீட்டுக்குச் சோறு போட்ட ஒரே வலை அது. "அடிப்பாவி! என் வலை!" என்று அவன் கத்தக் கத்த, துண்டு துண்டாகத் தண்ணீரில் விழுந்தது.

விரிந்த சிறகுகள் ஒவ்வொன்றாக மடங்கின.

"உன்னை நம்புறேன்" என்றாள் மூத்தவள். "உன் ஊரை நம்ப மாட்டேன். இனிமே நாங்க ஒரு கண்ணைத் திறந்து வெச்சுத்தான் தூங்குவோம். நீ செய்யிற வாத்துக்கு ரெண்டு கண்ணும் மூடியே இருக்கணும். எது எங்க ஆளு, எது உன் கட்டைன்னு பார்த்ததும் தெரியணும். சம்மதமா?"

"சம்மதம்!"

"உன் புருஷனுக்கு?"

"அவருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்."

வாத்துகள் வரிசையாகக் கரையேறி நேரே நாற்றங்காலுக்குள் நடந்தன. நத்தைகளுக்கு அன்றோடு கொண்டாட்டம் முடிந்தது. அந்த வருஷம் நாற்று மொட்டையாகவில்லை. பச்சைப்பசேலென்று எழுந்து நின்றது. வலை போன கொப்பையா பாவம், வேறென்ன செய்வான்? முணுமுணுத்துக்கொண்டே மனைவி பக்கத்தில் உட்கார்ந்து செதுக்கக் கற்றுக்கொண்டான். பிள்ளைகளும் கற்றார்கள், மருமக்களும் கற்றார்கள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான்: வாத்து ஒரு கண்ணைத் திறந்தபடி தூங்குகிறது, செம்பாயி வம்சத்தார் செதுக்கும் வாத்து இரண்டு கண்ணையும் மூடியபடி மிதக்கிறது, அந்த வம்சத்தில் எவர் வீட்டிலும் வலை கிடையாது.