கீழ்வாசலுக்கு மாற்று ஆள்

அந்தப் பௌத்த மடத்தில் எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தியானம் செய்வார்கள். மோசுகே மட்டும் கதவைப் பார்த்து உட்காருவான். ஐம்பத்தெட்டு வயது ஆளுக்கு ஏழு வருடமாக இதே பழக்கம். வெளியே ஒரு பூனை நடந்தாலும் போதும், முதுகை நிமிர்த்திக்கொண்டு "யார் அது?" என்று கேட்டுவிடுவான். பூனை பதில் சொல்லாது. பக்கத்தில் இருப்பவர்களின் தியானம்தான் கலைந்துபோகும்.

மடத்தின் தலைவி சேய்ரின் அவனைவிடப் பதினைந்து வயது இளையவர். அவனை ஒருநாளும் அதட்டியதில்லை, இடம் மாறி உட்காரச் சொன்னதுமில்லை. வசந்தகாலத்தில் ஒரு காலை, அவர் கீரை நறுக்கிக்கொண்டிருந்தபோது மோசுகே வந்து முன்னால் மண்டியிட்டான்.

"குருவே, காவலில் நிற்பவனை மாற்றிவிட வேண்டிய ஆள் செத்துப்போய்விட்டால், நிற்பவனை யார் விடுவிப்பது?"

சேய்ரின் கத்தியைக் கீழே வைத்தார். "எந்தக் காவல்?"

ஏழு வருடம் வாய் திறக்காதவன் அன்று கொட்டித் தீர்த்தான். குமோதே மலையின் உச்சியில் இருந்த கோட்டைக்குக் கீழ்வாசல் ஒன்று உண்டு. அதில் ஒன்பது வருடம் ஈட்டி பிடித்து நின்றவன் அவன். மாற்று ஆள் வந்து, ஈட்டிக் காம்பால் தரையை மூன்று முறை தட்டி, "இனி பொறுப்பு என்னுடையது" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் ஓர் அடி நகர்ந்தாலும் தலை போய்விடும். முற்றுகையின் கடைசி நாளில், உச்சிவேளைக்கு வர வேண்டியவன் அவனுடைய நண்பன் ஜின்னாய். அவன் வரவில்லை. மேலே புகை எழுந்தது. எதிரிகள் மலையின் பின்பக்கமாக ஏறியிருந்தார்கள். கீழ்வாசலுக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. வெயில் சாயும்வரை நின்ற மோசுகே, கதவின் தாழைக்கூட நீக்காமல், மதில் ஏறிக் குதித்துக் காட்டுக்குள் ஓடிவிட்டான். மேலே இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.

"நான் ஓடிப்போனவன், குருவே." முப்பத்தொரு வருடத்தில் அந்தச் சொல்லை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

"குமோதே எவ்வளவு தூரம்?"

"மூன்று நாள் நடை."

"கீரையை யாராவது பார்த்துக்கொள்வார்கள். கிளம்பு."

மூன்றாம் நாள் மலையேறத் தொடங்கினார்கள். பாதை நேராகப் போகாமல் திரும்பித் திரும்பிப் போயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் மோசுகே நின்று விளக்கினான். இங்கே வந்தால் மேலிருந்து பாறை உருட்டுவோம். இங்கே வந்தால் இரண்டு பக்கமிருந்தும் அம்பு. சேய்ரினுக்கு மூச்சு வாங்கியது. எதிரிகளைப் படுத்தியதெல்லாம் சரி, சும்மா பார்க்க வருகிறவளையும் இந்தப் பாடு படுத்த வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே ஏறினார். மோசுகே மன்னிப்புக் கேட்டான், பாதையைப் போட்டவனே அவன்தான் என்பதுபோல.

கீழ்வாசலில் கதவும் இல்லை, தூணும் இல்லை. தூண்கள் ஊன்றியிருந்த இரண்டு கற்கள் மட்டும் பாசி பிடித்துக் கிடந்தன. சுற்றிலும் தேவதாரு மரங்கள். வலப்பக்கத்துக் கல்லருகே மோசுகேயின் கால்கள் தானாகப் போய், அகட்டி நின்றுகொண்டன. கையிலிருந்த ஊன்றுகோல் ஈட்டியாகிவிட்டது.

சேய்ரின் அவன் அருகில் போய் ஊன்றுகோலை வாங்கினார். தரையை மூன்று முறை தட்டினார்.

"இனி பொறுப்பு என்னுடையது."

மோசுகே அசையவில்லை. "குருவே, நீங்கள் இந்தக் கோட்டைப் படையைச் சேர்ந்தவரில்லையே."

"காவலில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுக்கலாமா? உங்கள் சட்டம் என்ன?"

"பேசக் கூடாது."

"பிறகென்ன? மேலே போ."

மேலேயா? மோசுகே திகைத்தான். ஒன்பது வருடத்தில் அவன் உச்சிக்குப் போனதே இல்லை. அவனைப் போன்ற காலாட்களுக்கு வாசலுக்கு மேலே இரண்டாம் திருப்பத்தோடு சரி. உச்சியில் பொன் பூசிய மறைப்புத் தட்டிகளும் நூறு பேர் உட்காரும் கூடமும் இருப்பதாக அவனும் ஜின்னாயும் பேசிக்கொள்வார்கள். குருவோ இப்போது அவனைப் பார்க்கவே இல்லை. அசல் காவலாளிபோல எதிரே வெறித்துக்கொண்டு நின்றார். அவன் இரண்டு கற்களுக்கும் நடுவே, கூசிக் கூசிக் காலெடுத்து வைத்தான்.

உச்சியில் புல் வளர்ந்திருந்தது. வென்றவர்கள் கல்மதிலின் மூலைகளை மட்டும் பெயர்த்துத் தள்ளியிருந்தார்கள். மூலை போனால் கோட்டை போயிற்று என்பது அந்தக் காலத்துக் கணக்கு. கிணறு இலைகளால் தூர்ந்திருந்தது. பெரிய மாளிகையின் அடிக்கற்கள் வரிசையாகக் கிடந்தன. மோசுகே அவற்றின் ஓரமாக எட்டு வைத்து அளந்தான். நீளம் பன்னிரண்டு எட்டு, அகலம் ஒன்பது. சந்தேகப்பட்டு மறுபடி அளந்தான். மடத்துச் சமையல்கட்டு இதைவிடக் கொஞ்சம் பெரியது.

மதிலோரம் சமையலுக்குப் பெரணிக் குருத்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண், எந்த வழியாக வந்தீர்கள் என்று விசாரித்தாள். கீழ்வாசல் வழியாக என்றான்.

"இங்கே வாசலெல்லாம் இருந்ததா?" என்றாள் அவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வருடா வருடம் பின்பக்கத்து மேட்டு வழியாகத்தான் ஏறி வருகிறாளாம். கையை நீட்டிக் காட்டினாள். அகலமான, எருமைகூட ஏறக்கூடிய வழி.

மோசுகே அந்த வழியைப் பார்த்தான். எதிரிகள் வந்தது அதில்தான். கீழ்வாசலில் நின்றவனுக்கு இது கண்ணிலும் பட்டிருக்காது, காதிலும் விழுந்திருக்காது. அந்த வழிக்கும் கீழ்வாசலுக்கும் நடுவே இந்தச் சின்ன முற்றம். உச்சிவேளைக்குக் கீழ்வாசலுக்கு வர வேண்டிய ஜின்னாயை, எதிரிகள் ஏறியதும் இந்த முற்றத்துக்குத்தான் கூப்பிட்டிருப்பார்கள். எப்படி வருவான்?

புல்லில் உட்கார்ந்தான்.

"முப்பத்தொரு வருடமாக உன்மேல் கோபமாக இருந்தேனடா, ஜின்னாய்," என்றான். "ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று."

தன் மனதில் இருந்தது குற்ற உணர்ச்சி மட்டும்தான் என்று அவன் இத்தனை நாள் நம்பியிருந்தான். அதன் அடியில் இப்படி ஒரு கோபம் இருந்தது அவனுக்கே புதுச் செய்தி. விம்மி விம்மி அழுதான். பெரணி பறித்தவள் ஒன்றும் கேட்காமல், கூடையோடு அடுத்த மூலைக்கு நகர்ந்து போனாள். அழுது முடித்தபோது நெஞ்சில் பாரம் இல்லை. மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. ரொம்பக் காலம் கழித்து அவனுக்கு நன்றாகப் பசித்தது.

கீழே இறங்கி வந்தவன் திடுக்கிட்டு நின்றான். சேய்ரின் கல்லில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் தரையில் கிடந்தது. வாசலில் ஆளில்லை.

மோசுகேக்கு ஒரு கணம் பழைய நடுக்கம் வந்துவிட்டது. ஓசையில்லாமல் கோலை எடுத்தான். வலப்பக்கத்துக் கல்லருகே போய், கால் அகட்டி நின்றான்.

"மோசுகே, உனக்கு இங்கே என்ன வேலை?" சேய்ரின் கண்ணைத் திறக்கவில்லை.

"நீங்கள் தூங்கிவிட்டீர்கள், குருவே. அதனால்தான்."

"காவலில் தூங்கினால் யார் தலை போகும்?"

"உங்கள் தலை."

"அப்படியானால் நீ ஏன் நடுங்குகிறாய்?"

மோசுகே தன் கையிலிருந்த கோலைப் பார்த்தான். மெதுவாகக் குனிந்து அதை எடுத்த இடத்திலேயே வைத்தான். சேய்ரின் எழுந்து, அங்கியில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டு, பாதையில் இறங்கத் தொடங்கினார்.

"குருவே, பொறுப்பை ஏற்றுக்கொண்டீர்களே! மாற்று ஆள் வரும்வரை நிற்க வேண்டாமா?"

சேய்ரின் முதல் திருப்பத்தில் நின்று, அங்கியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டார்.

"யார் வரப்போகிறார்கள்? நானும் ஓடிப்போகப் போகிறேன். வழி தெரிந்தவன் நீதான், முன்னால் ஓடு."