இம்மி பிசகாத ஒத்திகை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வெளியிடும் தேர்வு வாரியம் ஒன்றில் நாலு சர்வர்கள் இருந்தன. அவற்றைக் கவனித்துக்கொள்ள நாலு புத்திசாலிகளும் இருந்தார்கள். புத்திசாலிகள் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதிகாரி ரெஜினா மேடம் அவர்களைக் கூப்பிட்டார். "ரிசல்ட் அன்னைக்கு லட்சம் பேர் ஒரே நேரத்துல பார்ப்பாங்க. நாலு சர்வரும் வேலையைப் பங்கு போட்டுத் தாங்குமான்னு சிமுலேஷன் செஞ்சு பாருங்க. நிஜ சர்வரைத் தொடக்கூடாது. சிமுலேஷன்ல வந்ததும் நிஜத்துல நடக்கிறதும் இம்மி பிசகாம ஒத்துப்போகணும். பிசகினா நாலு பேருக்கும் வேலை இருக்காது."

நால்வரின் தலைவர் பொன்னுரங்கம் மற்ற மூவரையும் பார்த்தார். "சர்வரைத் தொடக்கூடாதுன்னா, நாமதான்யா சர்வர்" என்றார்.

நாலு பேரும் நாலு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மேஜை மேல் பதிவெண் எழுதிய துண்டுச் சீட்டுகள். ஒருவர் எடுத்து, அடுத்தவரிடம் கேட்டு, மதிப்பெண்ணை எழுத வேண்டும்.

"சர்வர் ரூம்ல ஏசி உண்டு. இங்க இல்லையே?" என்றார் மூன்றாம் சர்வரான வீராசாமி.

"அதனால என்ன? நடுங்குவோம்" என்றார் பொன்னுரங்கம்.

நாலு பேரும் நடுங்கினார்கள்.

பத்து மணிக்குத் தொடங்கியது வேலை. பத்து ஏழுக்கு வீராசாமி எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். இரண்டாம் சர்வர் மூன்றாவதின் பதிலுக்குக் காத்திருந்தது. முதல் சர்வர் இரண்டாவதுக்காகக் காத்திருந்தது. நாலாவது எதற்கென்று தெரியாமலே காத்திருந்தது. பத்து இருபத்தேழுக்கு வீராசாமி வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அத்தனையையும் நேர்மையாக அறிக்கையில் எழுதினார்கள். மேடம் அட்டையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ரிசல்ட் நாளும் வந்தது. பத்து ஆறாகியும் ஒரு கோளாறும் இல்லை. பொன்னுரங்கத்தின் முகம் வெளுத்தது.

"என்னய்யா இது, நல்லா ஓடுது?"

"இப்படியே ஓடினா நம்ம வேலை போயிடும்ணே."

"மூணாவது எழுந்திருக்கிற மாதிரியே தெரியலையே!"

"அதுக்குக் கால் இல்லண்ணே" என்றார் வீராசாமி.

எல்லோரும் யோசித்தார்கள். அது நியாயமாகத்தான் பட்டது.

"தூக்கிடலாம்னா, தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே?"

"போர்வை சுத்தித் தூக்கினா தொட்டதா ஆகாது."

சரியாகப் பத்து ஏழுக்கு ஒயரைப் பிடுங்கி, போர்வை சுற்றி, மூன்றாம் சர்வரைத் தெருமுனை டீக்கடைக்குத் தூக்கிப்போனார்கள். வாரியத்தில் மற்ற மூன்றும் அதன் பதிலுக்காகக் காத்து நின்றன. லட்சம் பிள்ளைகளும் காத்து நின்றார்கள்.

பொன்னுரங்கத்தின் போன் அலறியது.

"வெப்சைட் நின்னுபோச்சுய்யா! என்ன ஆச்சு?"

"வாழ்த்துக்கள் மேடம், இம்மி பிசகலை!"

"மூணாவது சர்வர் எங்கய்யா?"

"டீ குடிச்சிடுச்சு மேடம். அன்னைக்கு வீராசாமி ரெண்டு வடையும் சாப்பிட்டான், அதுதான் இன்னும் பாக்கி. அவசரப்படுத்தாதீங்க, பத்து இருபத்தேழு வரைக்கும் டைம் இருக்கு."