வற்றாத உருளி

"கொசும்மா," என்றார் சிதம்பரநாதன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

நீலாம்மாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கொள்ளிடக்கரையில் அவளுடைய மடம் என்பது ஓடு போட்ட ஒரு கூடம், பின்னால் ஒரு அடுப்படி, அவ்வளவுதான். அவளுக்கு நாற்பது வயசு இருக்கும். சிதம்பரநாதன் அறுபதைத் தாண்டியவர், ஊருக்குள் பெரிய பாத்திரக்கடை வைத்திருப்பவர். இருந்தும் அவள்தான் குரு, அவர் சீடர். தலை நரைத்தவர்கள் எல்லாம் தெளிந்தவர்களா என்ன!

"உட்காருங்க கடைக்காரரே. கொசுவுக்கு என்ன?"

"என் பொண்ணு தாரிணி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்காம்மா. எட்டாம் மாசம். ஐப்பசி மழை ஆரம்பிச்சதுலேருந்து தெருவுல வீட்டுக்கு ஒரு காய்ச்சல். பிள்ளைத்தாய்ச்சியைக் கொசு கடிச்சா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னதைக் கேட்டு எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. அவளுக்கு ஒண்ணுன்னா நான் தாங்கமாட்டேன்."

"என்ன செஞ்சீங்க?"

என்ன செய்யவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். மனுஷர் கொட்டித் தீர்த்துவிட்டார்.

நொச்சிப் புகை போட்டாராம். வேப்பெண்ணெய் விளக்கு ஏற்றினாராம். கொசுவலை, கொசுவத்தி, பட்பட்டென்று வெடிக்கிற கொசுமட்டை, எதையும் விடவில்லையாம். கொட்டாங்குச்சியைப் பொறுக்கிப் போட்டு, பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்து, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணியைக்கூட துணியால் ஒற்றி எடுத்தாராம். எதிர்வீட்டு மாடியில் பழைய டயர் கிடந்ததென்று ஏறிப் போய் அவரே தூக்கி எறிந்து, அந்த வீட்டுக்காரர் பெஞ்சமினோடு பேச்சுவார்த்தையே நின்றுபோய்விட்டதாம்.

"கொசு ஒழிப்புக்கு வர்ற பொண்ணு டார்ச் அடிச்சுப் பார்த்துச்சும்மா. கொல்லை, மாடி, குளியலறை, பூஜையறை வாசல் வரைக்கும் பார்த்துட்டு, உங்க வீடு மாதிரி இருக்கணும் சார்னு சொல்லிட்டுப் போச்சு. அப்புறமும் கொசு! எங்கேருந்துதான் வருதோ!"

"வீட்டுல தண்ணி எங்கயும் நிக்கலையே?"

"ஒரு சொட்டு இல்லை."

"ஒரு சொட்டுகூட?"

"உங்க மேல சத்தியமா இல்லைம்மா. நீங்க ஒரு வழி சொல்லுங்க."

நீலாம்மாள் அரிவாள்மணையை ஓரம் தள்ளினாள். சாமி படத்தடியில் இருந்த செம்பையும் உத்தரணிக் கரண்டியையும் எடுத்துவந்தாள்.

"கையை நீட்டுங்க."

அவர் வலது கையைக் குழித்து, இடது கையை அதற்கு அண்டைகொடுத்து நீட்டினார். உத்தரணியால் தீர்த்தம் விட்டாள். பக்தியோடு வாய்க்குக் கொண்டுபோனார்.

"குடிக்காதீங்க. வச்சிருங்க."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வைத்திருந்தார்.

மழை வலுத்தது. கூடத்தில் ஒரு கொசு ரீங்காரமிட்டபடி வந்தது. அவர் காதோரம் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, திருப்தியில்லாமல் மூக்கின்மேல் உட்கார்ந்தது. அவர் ஊதினார், தலையை ஆட்டினார், மூக்கைச் சுருக்கினார். அது மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சாவகாசமாக இருந்தது.

நீலாம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"மூக்குல கொசு உட்கார்ந்திருக்கு."

"தெரியுதும்மா."

"அடிக்க வேண்டியதுதானே?"

"கையில தீர்த்தம் இருக்கே!"

"ஓகோ," என்று உள்ளே போய்விட்டாள்.

குழம்பு கொதித்து இறக்கிய பிறகுதான் திரும்பி வந்தாள்.

"தீர்த்தம் எங்கே?"

"ஒழுகிடுச்சும்மா."

"கொசு?"

"வயிறாரக் குடிச்சிட்டுப் போயிடுச்சு."

"சரி, கிளம்புங்க. மழை விட்டிருக்கு."

சிதம்பரநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வழி நெடுக மூக்கைச் சொறிந்துகொண்டே யோசித்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பளிச்சென்று ஏதோ பட்டது. நாசமாய்ப் போக, தப்பாகப் பட்டது.

"விசாலம், குரு உபதேசம் பண்ணிட்டாங்க," என்றார் மனைவியிடம். "கொசுவை அடிக்கக் கூடாது. பொறுத்துக்கணும்."

"கொசுக்கடியைப் பொறுத்துக்கன்னு ஒரு குரு சொல்லுவாங்களா?"

"உனக்குப் புரியாதுடி. எனக்கே கஷ்டப்பட்டுத்தான் புரிஞ்சுது."

கொசுமட்டை பரணுக்குப் போனது. கொசுவத்தி குப்பைக்குப் போனது. கொசுவலையையும் அவிழ்க்க வந்தவரைத் தாரிணி தடுத்துவிட்டாள்.

"அப்பா, நீங்க வேணும்னா பொறுத்துக்குங்க. நான் ரெண்டு உசுருக்காரி."

வலைக்குள்ளேயே ஒருத்தி எத்தனை நேரம் கிடப்பாள்? தண்ணி குடிக்க எழுந்திருக்க வேண்டும், தலை சீவ உட்கார வேண்டும். அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியதைக் கேட்டு, அந்தப் பெரிய மனுஷர் வாய்விட்டே அழுதார்.

நல்லகாலம், டெங்கு இல்லை. காய்ச்சலும் மெல்ல இறங்கியது. ஆனால் டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அடுத்த தடவை இப்படித் தப்பிக்க முடியும்னு சொல்ல முடியாது சார். கொசு இருக்கிற வீட்டுக்கு இந்தப் பொண்ணை அனுப்ப மாட்டேன்."

மருமகளைப் பார்க்க வந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த சம்பந்தியம்மாள், "அப்ப பிரசவத்தை நாங்களே பார்த்துக்கறோம், எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்," என்றாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லை என்றால் விசாலம் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கொட்டுகிற மழையிலேயே மடத்துக்கு ஓடினார்.

"உங்க பேச்சைக் கேட்டு எம் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்கா!"

நீலாம்மாள் நிமிர்ந்தாள். "நான் என்ன பேசினேன்?"

"பொறுத்துக்கன்னு சொன்னீங்களே!"

"எப்ப?"

சிதம்பரநாதன் யோசித்துப் பார்த்தார். அவள் அப்படி ஒன்றுமே சொல்லவில்லை.

"அப்ப அந்தத் தீர்த்தத்துக்கு என்னதாம்மா அர்த்தம்? மண்டை வெடிச்சுடும்போல இருக்கு!"

நீலாம்மாள் மூலையில் இருந்த குடையை எடுத்தாள்.

"உங்க வீட்டுல ஒரு வாய் காபி கிடைக்குமா?"

அவள் அவர் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. பாதபூஜை செய்ய விசாலம் தாம்பாளமும் செம்பில் தண்ணீருமாக வாசலுக்கு வந்தாள்.

"வேண்டாம் தாயி. நானே கொல்லையில கழுவிக்கறேன்," என்றாள் நீலாம்மாள். "அந்தத் தண்ணியையும் இவர் எடுத்து வச்சுடுவார்."

விசாலம் புருஷனைப் பார்த்தாள். அவர் விசாலத்தைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் புரியவில்லை.

நீலாம்மாள் காலைக் கழுவிக்கொண்டு கொல்லையைப் பார்த்தாள், மாடிக்குப் போனாள், தொட்டிகளின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"சும்மா சொல்லக்கூடாது, வீட்டைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க."

"பார்த்தீங்களாம்மா? அப்புறம் எங்கேருந்து வருது? நான் எதையாவது விட்டுட்டேனா? எம் பொண்ணு நாளைக்கு எங்கே போவா?"

"சாமி கும்பிட்டுட்டுக் காபி குடிக்கலாம்," என்றாள் நீலாம்மாள்.

பூஜையறையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில், மணைமேல், ஒரு பெரிய வெண்கல உருளி. விளிம்பு வரை தண்ணீர். தண்ணீரே தெரியாதபடி மேலே நந்தியாவட்டைப் பூ.

அத்தனை கவலையிலும் சிதம்பரநாதன் முகத்தில் ஒரு பெருமை வந்துவிட்டது.

"தெரியுதாம்மா? முந்தின வருஷம் குருபூஜையில நீங்க எல்லார் கையிலயும் தீர்த்தம் கொடுத்தீங்க. எல்லாரும் குடிச்சிட்டுப் போயிட்டாங்க. நான் மட்டும் செம்புல வாங்கி வீட்டுக்குக் கொண்டாந்து இந்த உருளித் தண்ணியில கலந்துவச்சேன். குறையக் குறைய ஒரு கரண்டி தண்ணி விடுவேன். தீர்த்தத்துல கலந்தா எல்லாம் தீர்த்தம்தானே? தினம் கண்ணை மூடிக்கிட்டு உங்களை நினைச்சு ஊத்துவேன். இதுவரைக்கும் வத்தவிட்டதில்லை. கவிழ்த்ததும் இல்லை."

"கொசு ஒழிப்புப் பொண்ணு?"

"அது வாசலோட சரி. பூஜையறைக்குள்ள கண்டவங்களை விடலாமாம்மா?"

நீலாம்மாள் அங்கிருந்த உத்தரணியை எடுத்தாள். பூவை ஓரமாக விலக்கினாள்.

"கையை நீட்டுங்க."

அவர் வலது கையைக் குழித்து, இடது கையை அண்டைகொடுத்து நீட்டினார். உருளியிலிருந்து மொண்டு அந்தக் கையில் விட்டாள்.

"குடிங்க."

வாய்க்குக் கொண்டுபோனார். விளக்கு வெளிச்சம் உள்ளங்கையில் விழுந்தது.

தண்ணீரில் ஏதோ துள்ளியது. வளைந்து, நிமிர்ந்து, தலைகீழாகத் தொங்கி, மறுபடி துள்ளியது. அதன் பக்கத்தில் இன்னொன்று துள்ளியது.

அவர் கை நின்றுவிட்டது.

"என்ன யோசனை? தீர்த்தமாச்சே. அன்னிக்கு வேண்டாம்னேன், இன்னிக்குக் குடிங்கன்னு நானே சொல்றேன்."

"அம்மா..."

விசாலம் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, புழு!" என்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. மகள் படுத்திருந்த அறைக்கும் பூஜையறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

சிதம்பரநாதன் கையை விரித்தார். தண்ணீர் தரையில் விழுந்தது.

பூக்களைக்கூட எடுக்கவில்லை. குனிந்து உருளியை இரண்டு கையாலும் தூக்கினார். கனத்தது. தண்ணீர் தளும்பி வேட்டியெல்லாம் நனைந்தது. கொல்லைப்பக்கம் நடந்தார்.

"கடைக்காரரே!" நீலாம்மாள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "என் தீர்த்தத்தை எங்கே தூக்கிட்டுப் போறீங்க?"

அவர் திரும்பவில்லை.

"கொசும்மா," என்றார்.